அரிசியில் முப்பதில் ஒரு பங்கு எடை போதும், 400 கிலோவோல்ட் மின்நிலையம் முடங்க: காத்திவாக்கம் காற்றும் ஜிஐஎஸ் பெட்டிக்குள் இருக்கும் துகளும்

2024 செப்டம்பர் 12, வியாழக்கிழமை ராத்திரி. பத்து மணி வாக்கில் சென்னையின் பெரும்பகுதியில் கரன்ட் போனது. வட சென்னை, மத்திய சென்னை என்று ஏரியா ஏரியாவாக இருட்டு. “உங்க ஏரியால கரன்ட் இருக்கா?” என்ற ஒரே கேள்விதான் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும். மணலி துணை மின்நிலையத்தில் ஏற்பட்ட தீதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. மாற்று வழிகளில் மின்சாரத்தைத் திருப்பி, நள்ளிரவை ஒட்டி ஒவ்வொரு பகுதியாக விளக்கு எரிந்தது.

அந்தத் தீயை இந்தக் கட்டுரையில் வரப்போகும் துகள் கதையோடு முடிச்சுப் போட வேண்டாம். அந்த இரவு சொல்லித் தந்த பாடம் வேறு. ஒரு கோடி பேர் வாழும் நகரம், நகரத்தின் வடக்கு விளிம்பில் இருக்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில மின்நிலையங்களை நம்பி நிற்கிறது. அந்த நிலையங்கள் இருக்கும் இடமோ, மின்கருவிகளுக்குக் கொஞ்சமும் ஒத்துவராத காற்று வீசும் இடம்.

காத்திவாக்கத்துக்கும் கரன்டுக்கும் என்ன உறவு?

எண்ணூரை ஒட்டிய காத்திவாக்கம் முன்பு தனி நகராட்சி. 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஒரு பக்கம் வங்கக் கடல், இன்னொரு பக்கம் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் கழிமுகம். எழுபதுகளில் இங்கே வந்த எண்ணூர் அனல் மின்நிலையத்தின் திறன் 450 மெகாவாட். 2017 மார்ச் 31-ல் அது மூடப்பட்டது.

ஆற்றைத் தாண்டினால் அத்திப்பட்டு. அங்கே வட சென்னை அனல் மின்நிலையம்: முதல் கட்டம் 630, இரண்டாம் கட்டம் 1,200, 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்ட மூன்றாம் கட்டம் 800 மெகாவாட். பக்கத்திலேயே வல்லூரில் என்டிபிசி-யும் தமிழக மின்வாரியமும் கூட்டாக அமைத்த 1,500 மெகாவாட் நிலையம். ஆக, சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் 4,130 மெகாவாட்.

இவ்வளவு மின்சாரம் தயாரானால் அதை வெளியே கொண்டுபோக வேண்டுமே? அதற்காகத்தான் 230, 400 கிலோவோல்ட் கம்பிகளும் கோபுரங்களும் கழிமுகத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடக்கின்றன. அந்தக் கோபுரங்களுக்கு அடியில்தான் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்கள் இறால் பிடிக்கிறார்கள்.

உப்புக் காற்று மின்நிலையத்தை என்ன செய்யும்?

சாலையோரம் வேலி போட்டு, உள்ளே பீங்கான் தூண்களும் கம்பிகளும் திறந்தவெளியில் நிற்கும் துணை மின்நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்கு கரன்ட் தாவாமல் தடுப்பது இரண்டே விஷயம்தான்: நடுவில் இருக்கும் காற்று, கம்பியைத் தாங்கும் பீங்கான்.

கடலோரத்தில் அந்தப் பீங்கான் மேல் உப்பு படியும். அனல் நிலையம் பக்கத்தில் இருந்தால் சாம்பலும் சேரும். பகலில் காய்ந்த உப்பு பெரிய பிரச்சினை இல்லை. விடியற்காலைப் பனியில் நனையும்போதுதான் வம்பு. உப்புத் தண்ணீர் கரன்டைக் கடத்தும். பீங்கான் மேற்பரப்பில் சன்னமான கசிவு ஓடும். ‘ஸ்ஸ்ஸ்’ என்று சத்தம் வரும், நீலப் பொறி தெரியும். ஒரு கட்டத்தில் அந்தப் பொறிகள் ஒன்றாகச் சேர்ந்து, மேலிருந்து கீழ் வரை தீப்பிழம்பாகப் பாயும். இதற்கு ஃபிளாஷ்ஓவர் என்று பெயர்.

வட இந்தியாவில் குளிர்காலப் பனிமூட்டத்தில் நீண்ட தூர மின்கம்பிகள் அடுத்தடுத்து டிரிப் ஆவதற்கு இதுதான் காரணம். அங்கே பீங்கானை எடுத்துவிட்டு பாலிமர் இன்சுலேட்டர் மாட்டினார்கள். ஹெலிகாப்டரில் இருந்து தண்ணீர் பீய்ச்சிக் கழுவவும் செய்தார்கள்.

இன்சுலேட்டரின் மடிப்பு மடிப்பான உடம்பில் மேலிருந்து கீழ் வரை ஓர் எறும்பு ஊர்ந்தால் எவ்வளவு தூரம் போகும்? அந்த நீளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. மிக மோசமான மாசுள்ள இடத்தில் ஒரு கிலோவோல்ட்டுக்கு 31 மில்லிமீட்டர் வேண்டும் என்பது நெடுநாளாகப் புழங்கும் சர்வதேச அளவுகோல். 400 கிலோவோல்ட் கருவியை அதிகபட்சம் 420 கிலோவோல்ட்டுக்கு வடிவமைப்பார்கள். பெருக்கிப் பாருங்கள்: 13 மீட்டர். கடலோரத்தில் ஒவ்வொரு இன்சுலேட்டருக்கும் இந்தப் பாடு!

அப்போ ஜிஐஎஸ்னா என்ன?

இந்தத் தலைவலிக்கான பதில்தான் ஜிஐஎஸ், அதாவது வாயுக் காப்பு மின்நிலையம். யோசனை எளிமையானது. காற்றும் பனியும் உப்பும் தொடாதபடி மொத்த மின்கருவியையும் அலுமினியக் குழாய்களுக்குள் போட்டு மூடிவிட்டால்? குழாயின் நடுவில் மின்சாரம் ஓடும் தண்டு. சுற்றிலும் காற்றுக்குப் பதிலாக சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு, சுருக்கமாக எஸ்எஃப்6 வாயு. வெளிக்குழாய் பூமியோடு இணைக்கப்பட்டிருப்பதால் கையால் தொட்டாலும் ஒன்றும் ஆகாது.

சாதாரணக் காற்று ஒரு சென்டிமீட்டருக்கு சுமார் 30 கிலோவோல்ட் வரை தாங்கும். அதே அழுத்தத்தில் எஸ்எஃப்6 கிட்டத்தட்ட 89 தாங்கும். அதையும் நான்கைந்து மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் நிரப்புவதால் காற்றில் சில மீட்டர் தேவைப்படும் இடைவெளி, இங்கே சில பத்து சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடும். அதனால் இடமும் மிச்சம். திறந்தவெளி நிலையத்துக்குத் தேவையான நிலத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு போதும்.

இது புதுசும் இல்லை. அறுபதுகளின் கடைசியில் சூரிச்சிலும் பெர்லினிலும் முதல் நிலையங்கள் வந்துவிட்டன. நிலத்தின் விலை எகிறும் சென்னையில், கடல் காற்று வீசும் எண்ணூரில், ஜிஐஎஸ் வருவது இயல்பான முடிவுதான்.

சரி, உப்பும் சாம்பலும் வெளியே நின்றுவிட்டன. பிரச்சினை தீர்ந்ததா? எதிரி இப்போது உள்ளே போய்விட்டான்.

ஒரு துகள் அப்படி என்ன செய்துவிடும்?

பள்ளிக்கூடத்தில் சீப்பைத் தலையில் தேய்த்து காகிதத் துணுக்குகளைத் தூக்கியது ஞாபகம் இருக்கிறதா? மின்புலம் இருந்தால் லேசான பொருட்கள் எழும்பும். ஜிஐஎஸ் குழாய்க்குள் நடப்பதும் அதன் பெரிய அண்ணன்தான்.

குழாயின் அடியில் ஒரு சின்ன அலுமினியக் கம்பித் துணுக்கு கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீளம் 5 மில்லிமீட்டர், தடிமன் கால் மில்லிமீட்டர். எடை முக்கால் மில்லிகிராம்கூட இல்லை. முப்பது துணுக்கைச் சேர்த்தால்தான் ஓர் அரிசி எடை வரும். குழாயைத் தொட்டுக்கொண்டு கிடப்பதால் அதன் மேல் மின்னூட்டம் ஏறும். நடுத்தண்டின் மின்புலம் அதை மேலே இழுக்கும். அந்த இழுப்பு எடையைத் தாண்டினால் துணுக்கு எழுந்து நிற்கும், அப்புறம் குதிக்கும்.

எவ்வளவு மின்புலம் தேவை? கணக்குப் போட்டால், ஒரு சென்டிமீட்டருக்கு 5 கிலோவோல்ட் வந்தாலே இந்தத் துணுக்கு எழும்பிவிடும். அரை மீட்டர் விட்டமுள்ள குழாய், 12 சென்டிமீட்டர் தடிமனுள்ள தண்டு கொண்ட 400 கிலோவோல்ட் அமைப்பில், குழாயின் உட்சுவர் அருகே மின்புலம் உச்சத்தில் தோராயமாக 9 கிலோவோல்ட். அதாவது கரன்ட் கொடுத்த கணமே துணுக்கு ஆட ஆரம்பித்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. படுத்துக் கிடக்கும் துணுக்கு எழும்பத் தேவையான மின்புலம் அதன் நீளத்தைப் பொறுத்தது இல்லை. தடிமனையும் உலோகத்தின் அடர்த்தியையும் மட்டும்தான் பொறுத்தது. மெல்லியது சீக்கிரம் எழும்பும். தாமிரத்தைவிட அலுமினியம் சீக்கிரம் எழும்பும். ஆனால் எழும்பிய பிறகு நீளமானதுதான் அதிக ஆபத்து.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மின்புலம் நொடிக்கு நூறு தடவை உச்சம் தொடும், திசை மாறிக்கொண்டே இருக்கும். துணுக்கு குதிக்கும், விழும், தரையில் பட்டு புதிதாக மின்னூட்டம் வாங்கும், மறுபடி குதிக்கும். அதன் முனை ஊசி மாதிரி கூர்மை. கூர்மையான இடத்தில் மின்புலம் பல மடங்கு குவியும். இப்படிக் குதித்துக் குதித்து நடுத்தண்டை நெருங்கும்போது, தண்டுக்கும் முனைக்கும் நடுவில் ஒரு சின்னப் பொறி. அந்தப் பொறி மொத்த வாயு இடைவெளியையும் உடைத்துக்கொண்டு பாய வழி திறந்துவிடலாம்.

சுத்தமான குழாயில் எஸ்எஃப்6 தாங்கக்கூடிய அளவுக்கும், அன்றாடம் அங்கே இருக்கும் மின்புலத்துக்கும் நடுவில் தாராளமான இடைவெளி உண்டு. அந்தத் தாராளத்தைத்தான் ஒரு மில்லிகிராம்கூட இல்லாத துணுக்கு காலி செய்கிறது.

குதிப்பதைவிட ஒட்டிக்கொள்வது மோசம்

நடுத்தண்டு அந்தரத்தில் தொங்க முடியாது. அதைத் தாங்க, அலுமினா கலந்த எப்பாக்சி தட்டுகள் சில மீட்டருக்கு ஒன்று இருக்கும். பொறியாளர்கள் ஸ்பேசர் என்பார்கள். ஆடிக்கொண்டிருக்கும் துகள் இந்த ஸ்பேசர் மேல் ஒட்டிக்கொண்டால்தான் நிஜமான தொல்லை. அங்கே அது சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கும். மாதக்கணக்கில் ஒன்றும் ஆகாமல்கூட இருக்கலாம். பிறகு மின்னல் தாக்குதலாலோ, ஸ்விட்ச் இயக்குவதாலோ ஒரு நொடியின் சின்னத் துளி நேரம் மின்னழுத்தம் எகிறும். அப்போது ஸ்பேசரின் மேற்பரப்பில் பொறி பாய்ந்து, கரிக்கோடு விழும்.

காற்று ஆறும், வாயுவும் ஆறும். பொறி பாய்ந்து முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதனால்தான் வெளியே மின்கம்பியில் ஃபிளாஷ்ஓவர் ஆனாலும், பெரும்பாலும் ஒரு நொடியில் தானாகவே திரும்ப இணைத்துக்கொள்ள முடிகிறது. எப்பாக்சி அப்படி இல்லை, விழுந்த கரிக்கோடு விழுந்ததுதான். அந்தப் பகுதியை நிறுத்தி, வாயுவை உறிஞ்சி எடுத்து, குழாயைத் திறந்து, துடைத்து, ஸ்பேசரை மாற்றி, திரும்ப வாயு நிரப்பி, சோதித்து… நாட்கள் ஆகும். உதிரி பாகம் கையில் இல்லையென்றால் வாரங்கள் ஆகும். சில இடங்களில் பக்கத்துக் குழாய்களையும் நிறுத்த வேண்டிவரும்.

திறக்கிறவர்களுக்கும் ஆபத்து உண்டு. எஸ்எஃப்6 தன்னளவில் நஞ்சு இல்லை. ஆனால் காற்றைவிட ஐந்து மடங்கு கனம் என்பதால் பள்ளத்திலும் கேபிள் கால்வாயிலும் தேங்கி மூச்சை அடைக்கும். பொறியில் சிதைந்த எஸ்எஃப்6 வேறு ரகம்: ஹைட்ரஜன் ஃபுளோரைடு உட்பட கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும் பொருட்கள் உருவாகும், உள்ளே வெள்ளைப் பொடி படிந்திருக்கும். முகக்கவசமும் கையுறையும் முழு உடையும் இல்லாமல் அதைத் துடைக்க ஒரு ஒப்பந்தத் தொழிலாளியை இறக்கிவிடுவது குற்றத்துக்குச் சமம்.

மூடிய குழாய்க்குள் துகள் எப்படி வந்தது?

பெரும்பாலும் நாம்தான் கொண்டுபோய் வைக்கிறோம். தொழிற்சாலையில் கடைந்த பிசிறு. போல்ட் முறுக்கும்போது மரையிலிருந்து உதிரும் துணுக்கு. லாரியில் வரும்போது உரசி விழுந்தது. குழாய்களை இணைக்கும்போது விளிம்பு உரசியது. வேலை முடிந்த பிறகும்கூட ஸ்விட்ச் ஒவ்வொரு முறை திறந்து மூடும்போது தொடுமுனைகள் கொஞ்சம் தேயும்.

இங்கேதான் காத்திவாக்கம் காற்று மறுபடி கதைக்குள் வருகிறது. ஜிஐஎஸ் இயங்க ஆரம்பித்த பிறகு வெளிக்காற்று அதை ஒன்றும் செய்யாது. ஆனால் கட்டும்போதும் பழுதுக்காகத் திறக்கும்போதும் அதே காற்றுதான். சாம்பலும் உப்பும் உலோகம் இல்லை, உலோகத் துணுக்கு அளவுக்கு ஆட்டம் போடாது. ஆனால் ஸ்பேசர் மேல் படிந்து ஈரத்தை உறிஞ்சினால் மேற்பரப்பு பலவீனமாகும். அதனால் இணைப்பு வேலை நடக்கும் இடத்தைக் கூடாரம் போட்டு மூடுவது, மழையிலும் புழுதிக்காற்றிலும் குழாயைத் திறக்காமல் இருப்பது, நூல் உதிராத துணியால் ஆல்கஹால் தொட்டுத் துடைப்பது, வேக்யூம் கிளீனர், கடைசியில் காற்றையும் ஈரத்தையும் வெற்றிடப் பம்பால் உறிஞ்சி எடுப்பது எல்லாம் கட்டாயம். ஆபரேஷன் தியேட்டர் ஒழுக்கம் என்று சொன்னால் மிகை இல்லை.

தடுக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. நான்கு அடுக்காகப் பார்க்கலாம்.

முதலாவது, வடிவமைப்பு. குழாயின் அடியில் பள்ளம் போட்டு, மேலே துளையிட்ட தகடு வைப்பார்கள். அந்தப் பள்ளத்தில் மின்புலம் மிகக் குறைவு. உள்ளே விழுந்த துகள் எழும்பவே முடியாது. எலிப்பொறி மாதிரி துகள் பொறி. குழாயின் உட்சுவருக்கு மின்கடத்தாப் பூச்சு அடித்தால், துகள் மின்னூட்டம் வாங்குவதும் குறையும்.

இரண்டாவது, தொடக்கச் சோதனை. புது நிலையத்துக்கு ஒரே அடியாக முழு மின்னழுத்தம் கொடுக்க மாட்டார்கள். படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் கொஞ்ச நேரம் நிறுத்துவார்கள். கிடக்கும் துகள்கள் மெல்ல ஆடி நகர்ந்து பொறிக்குள் போய் விழட்டும் என்பதற்காக. இந்த நேரத்தைச் சுருக்கினால் துகள் பொறிக்குப் போகாது, ஸ்பேசருக்குப் போகும்.

மூன்றாவது, காது கொடுத்துக் கேட்பது. குதிக்கும் துகள் குழாயில் மோதும் சத்தத்தை வெளியே ஒட்டிய ஒலி உணரியால் கேட்கலாம். அதன் முனையில் தோன்றும் நுண்பொறிகள் ரேடியோ அலையை வெளியிடும். 300 மெகாஹெர்ட்ஸ் முதல் 3 கிகாஹெர்ட்ஸ் வரை, அதாவது நம் மொபைல் சிக்னல் புழங்கும் அதே அலைவரிசைப் பகுதி. குழாய்க்குள் ஆன்டெனா வைத்து இதைப் பிடிப்பதற்கு யுஎச்எஃப் முறை என்று பெயர். ஸ்காட்லாந்தின் டார்னெஸ் அணுமின் நிலையத்தில் எண்பதுகளிலேயே இது பயன்பாட்டுக்கு வந்தது. நம்ம ஊரில் ஐஐடி மெட்ராஸின் உயர் மின்னழுத்த ஆய்வகத்திலும் துகள் ஆடும்போது வரும் யுஎச்எஃப் சிக்னல் குறித்து ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

நான்காவது, பொறுமை. இதற்குச் சர்வதேசத் தரநிலை எண் எதுவும் கிடையாது. பண்டிகைக்கு முன், கோடைக்கு முன், தேர்தலுக்கு முன் என்று திறப்பு தேதியை முதலில் முடிவு செய்துவிட்டு வேலையை அதற்குள் திணித்தால், முதலில் வெட்டு விழுவது துடைப்பதற்கும் சோதிப்பதற்கும் ஒதுக்கிய நாட்களில்தான். அந்த நாட்களுக்கு வெளியே காட்ட ஒன்றும் இருக்காது. போட்டோ எடுக்க முடியாது. மிச்சம் பிடித்த நாலு நாள், பின்னால் நாற்பது நாளாகத் திரும்பி வரலாம்.

வாயுவின் கணக்கு

ஒரு கிலோ எஸ்எஃப்6 வெளியேறினால், நூறு ஆண்டுக் கணக்கில் அது சுமார் 24 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். வளிமண்டலத்தில் பல நூற்றாண்டுகள் தங்கும். 1997 கியோட்டோ ஒப்பந்தத்திலேயே கட்டுப்படுத்த வேண்டிய வாயுக்களின் பட்டியலில் இது இடம்பெற்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த விதிப்படி, புதிய கருவிகளில் எஸ்எஃப்6-க்கான தடை 2026-ல் 24 கிலோவோல்ட் வரையிலான சிறியவற்றில் தொடங்கி, 2032-ல் 145 கிலோவோல்ட்டுக்கு மேற்பட்டவற்றையும் தொடும்.

ஒவ்வொரு மின்முறிவும் குழாயைத் திறக்க வைக்கிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வாயு கொஞ்சமாவது தப்ப வாய்ப்பு. ஆக, துகளைத் தடுப்பதே காலநிலைக்கும் செய்யும் நன்மை. மாற்று வாயுக்கள் வந்தாலும் துகள் பிரச்சினை போகாது. குழாய்க்குள் எந்த வாயு இருந்தாலும் கூர்முனை கூர்முனைதான்.

இதில் நமக்கென்ன?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் சேர்ந்து எண்ணூர் கழிமுகத்தைக் கறுப்பாக்கியது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து மக்கள் ராத்திரியில் ஓடினார்கள். சாம்பல், எண்ணெய், அமோனியா என்று சென்னையின் வசதிக்கான விலையில் பெரும்பங்கை இந்தப் பகுதிதான் கட்டுகிறது. இங்கே வரும் ஒவ்வொரு மின்நிலையமும் ஒழுங்காக ஓட வேண்டும் என்று கேட்பது, அண்ணா நகரில் ஏசி ஓடுவதற்காக மட்டும் இல்லை. பழுதாகிற நிலையத்துக்கு மாற்றாக இன்னொரு கம்பி, இன்னொரு கோபுரம், இன்னொரு துண்டு கழிமுகம் என்று திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதும் இவர்களிடம்தான்.

அதனால் அடுத்த முறை புதிய ஜிஐஎஸ் திறப்பு விழாச் செய்தியைப் பார்க்கும்போது, எத்தனை கோடி, எத்தனை கிலோவோல்ட் என்பதோடு இன்னும் மூன்றைக் கேட்கலாம். தொடக்கச் சோதனைக்கு எத்தனை நாள் கொடுத்தார்கள்? யுஎச்எஃப் கண்காணிப்பு நிரந்தரமாக இருக்கிறதா, அதன் பதிவை யார் பார்க்கிறார்கள்? உதிரி ஸ்பேசர் சென்னையிலேயே இருக்கிறதா, கப்பலில் வர வேண்டுமா?

துகளுக்கு விழாத் தேதி தெரியாது. குழாயை மூடுவதற்கு முன் கடைசியாக ஒரு முறை டார்ச் அடித்துப் பார்த்துத் துடைக்கும் அந்தத் தொழிலாளிக்கு இன்னும் ஒரு மணி நேரம் கொடுக்கிறோமா என்பதுதான் கேள்வி.